நாய்க்கு வந்த லுகூப்ரியஸ்

"கம்பவுண்டர், இது என்ன நோய்?" என்று கணக்கு டீச்சர் கேட்டபோதுதான், தன் கையெழுத்தையும் ஒருவர் படிக்க முயற்சி செய்வார் என்பது கம்பவுண்டருக்கு உறைத்தது.

டீச்சரின் கையில் இருந்தது அவருடைய நாயின் சிகிச்சை அட்டை. நாய் அன்று திங்கட்கிழமை காலை நகம் வெட்டிக்கொள்ள வந்திருந்தது. உடம்புக்கு வேறு ஒரு குறையும் இல்லை. கன்னம் இரண்டும் தொங்க, கண்ணில் எப்போதும் ஈரம் கசிய, ஊரார் துக்கத்தையெல்லாம் ஒப்பந்தம் எடுத்ததுபோல உட்கார்ந்திருப்பது அந்த ஜாதி நாய்களுக்குப் பிறவி முகம். அட்டையில் 'நிலைமை' என்ற கட்டத்தில் கம்பவுண்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: லுகூப்ரியஸ்.

அது நோய் இல்லை. அழுமூஞ்சி என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பட்டுவேட்டி கட்டிய சொல், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கம்பவுண்டரின் மனைவி ஒரு நர்ஸ். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. அங்கேயே ஒரு மிருக ஆஸ்பத்திரியில் இவருக்கும் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் ஆங்கிலத் தேர்வில் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும். இவர் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஐந்தரையில் வந்து நின்றார். ஒரு பூங்காவின் படத்தைக் கொடுத்து வர்ணிக்கச் சொன்னதற்கு, 'வெரி நைஸ்' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தார். மூன்றாவது தேர்வு வரும் சனிக்கிழமை. வேலையை மாதக் கடைசி வரைதான் நிறுத்தி வைப்பார்களாம். இதிலும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். மனைவி இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆன மனுஷன் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

பயிற்சி வகுப்பு மாஸ்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். புதுச் சொல்லை மனப்பாடம் செய்தால் நிற்காது; அன்றன்றைக்குப் பார்க்கிற வேலையில் அதைப் பயன்படுத்த வேண்டும். கம்பவுண்டருக்கு வேலையில் எழுதக் கிடைத்தது சிகிச்சை அட்டை ஒன்றுதான். மூன்று வாரமாக அதில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் படிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும், முப்பத்தைந்து வருஷம் விடைத்தாள் திருத்திய பழக்கத்தில், எதைக் கொடுத்தாலும் வரி விடாமல் பார்ப்பார்.

கம்பவுண்டர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். டீச்சர் அட்டையை அவரிடம் நீட்டினார். டாக்டர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். அப்புறம் நாயைப் பார்த்தார். நாலடி தள்ளி நின்றுதான் பார்த்தார்.

"ஆரம்ப நிலைதான். பயப்படாதீங்க. ஆனா வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்றார்.

டீச்சர் போனை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினார். கம்பவுண்டரின் கையெழுத்தில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் எழுத்தாகத் தெரிந்தன. நடுவில் இருந்தது வெறும் அலை. போன் ஏதோ ஒரு ஊரின் மழை நிலவரத்தைக் காட்டியது. போனைப் பார்த்து நோயைத் தெரிந்துகொள்வதானால் நான் எதற்கு என்று டாக்டர் சற்றுக் கோபப்பட, டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயை விட்டுவிட்டுப் போனார்.

கம்பவுண்டர் டாக்டரின் பின்னாலேயே ஓடினார். "டாக்டர், அந்த வார்த்தை வந்து..."

"எனக்குத் தெரியாதா?" என்றார் டாக்டர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லின் கதையைச் சொன்னால் தேர்வின் கதையும் வெளியே வரும். இவருக்கு முன்னால் இருந்த இரண்டு கம்பவுண்டர்களும் இதே தேர்வை ஒரு சனிக்கிழமை லீவு போட்டு எழுதித்தான் பறந்து போனார்கள். அன்றிலிருந்து பாஸ்போர்ட் என்ற பேச்சை எடுத்தாலே டாக்டருக்கு முகம் சிவந்துவிடும். காரணம் கம்பவுண்டர் ஒருவருக்குத்தான் தெரியும். டாக்டருக்கு நாய் என்றால் உயிர் போகிற பயம். கம்பவுண்டர் நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசி பிடித்த கையை மட்டும் நீட்டுவார். ஊசி நாய் மேல் விழுந்த தடவைகளும் உண்டு, கம்பவுண்டர் மேல் விழுந்த தடவைகளும் உண்டு. தேர்வில் தேறிய பிறகு இந்த மனுஷனிடம் அனுபவச் சான்றிதழ் வேறு வாங்க வேண்டும். இப்போதே பகைத்துக்கொள்வானேன் என்று கம்பவுண்டர் சும்மா இருந்துவிட்டார்.

சும்மா இருந்ததோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். செவ்வாய்க்கிழமை காலை, நாய் தேறிவிட்டது என்று காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஆனால் 'நலம்' என்று எழுதினால் நேற்றைய சொல் வெறும் வர்ணனை என்று தெரிந்துவிடுமே. வைத்தியம் பார்த்துக் குணமானதுபோலத் தோன்ற வேண்டும். அன்றைய பாடத்தில் உற்சாகம் பொங்குவதற்கு ஒரு சொல் இருந்தது. எபுலியன்ட் என்று எழுதினார்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "ரெண்டாம் கட்டத்துக்குப் போயிடுச்சா" என்றார் மெதுவாக. "இந்தக் கட்டத்துல நாய் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். அதுதான் ஆபத்து."

நாய் அப்போது டாக்டரின் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது. அதையும் ஓர் அறிகுறியாக டாக்டர் அட்டையில் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் டீச்சர் நாயைப் பார்க்க வந்தார். இரண்டாம் கட்டம் என்று கேட்டதும் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பவுண்டருக்கு மனசு கேட்கவில்லை. தனியாக வாசல்வரை கூட வந்து ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீங்க டீச்சர். இது பெரிய விஷயமே இல்லை. எத்தனையோ பேருக்கு இருக்கு. எனக்கே அப்பப்ப இருக்கும்."

டீச்சர் மூன்றடி பின்னால் நகர்ந்தார். "மனுஷங்களுக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார். கம்பவுண்டருக்குத் தான் சொன்னது என்ன என்று புரிவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

புதன்கிழமை காலை கதவைத் திறந்தபோது வாசலில் திருவிழாக் கூட்டம். பூனைக்காரர்கள், முயல்காரர்கள், கிளிக்காரர்கள், ஆமையைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தையல்கார அம்மாள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: எங்கள் பிராணிக்கு அது இருக்கிறதா, இல்லையா? அட்டையைக் காட்டச் சொல்லி நெருக்கினார்கள். கம்பவுண்டர் எவ்வளவோ மறைத்துப் பார்த்தார். அட்டை அலமாரியே அவர்கள் கைக்குப் போய்விட்டது.

அப்புறம் நடந்ததைக் கம்பவுண்டர் கூண்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு அட்டையைப் பிரித்து எழுத்துக் கூட்டினார்கள். பூனைக்கு ரீகால்சிட்ரன்ட். அது அடங்காப்பிடாரி என்பதற்கான சொல். நான்கு வருஷமாக வீட்டாரைப் பிறாண்டிக்கொண்டிருந்த பூனைக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதியிருக்க முடியாது. முயலுக்கு வொரேஷியஸ், அதாவது பெருந்தீனி. தன் முயல் ஒரு வாரத்தில் போய்விடுமா என்று கேட்டு ஒரு முடிதிருத்துபவர் சுவரில் சாய்ந்துவிட்டார். கிளிக்கு லொக்வேஷியஸ் என்று இருந்தது. கிளிக்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், இது வந்தா கிளி பேச்சை நிறுத்திடுமா?"

"நிறுத்தாது" என்றார் டாக்டர். "அதான் கஷ்டமே."

வாயாடி என்பதற்கான சொல்லுக்கு இதைவிடச் சரியான விளக்கத்தைப் பயிற்சி மாஸ்டர்கூடக் கொடுத்ததில்லை. தற்செயலாகத்தான் பொருந்திவிட்டது என்று கம்பவுண்டர் நினைத்துக்கொண்டார்.

இனி அட்டைகள் உயிரோடு இருக்கக் கூடாது என்று அவர் முடிவுக்கு வந்தார். கூட்டம் கலைந்ததும் மூன்று வாரத்து அட்டைகளையும் அள்ளி, நாய் குளிப்பாட்டும் தொட்டியில் போட்டு ஊறவைத்துவிட்டார். மை கரைந்து தண்ணீர் நீலமானது. கைதவறி விழுந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கோபப்படவே இல்லை. ரொம்ப நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லேன்னு இனிமே எப்படித் தெரியும்? எல்லாருக்கும் இருக்குன்னுதான் வச்சுக்கணும். மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடறேன்."

வியாழனும் வெள்ளியும் கம்பவுண்டருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை பல் பிடுங்கப் போவதாக முன்னமே லீவு சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டு, காலையில் ஏழு மணிக்கு வந்து டீச்சர் நாய்க்கு மட்டும் தீனி வைத்துவிட்டுப் பல்லுக்குப் போகச் சொன்னார். குரலில் அவ்வளவு கனிவு. பத்து மணிக்குத்தானே தேர்வு, போய்வரலாம் என்று கம்பவுண்டர் சம்மதித்தார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு, சட்டைப் பையில் அனுமதிச் சீட்டோடு அவர் உள்ளே போனார். நாய்க்குத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசல் கிராதிக்கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிற சத்தம். வெளியே ஒரு ஆள்: முகமூடி, கையுறை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கக்கத்தில் பதிவேடு. மிருகநோய்த் தடுப்பு அதிகாரியாம். லுகூப்ரியஸ் பரவியிருப்பதாகப் புகார் வந்திருக்கிறது. தொற்று கண்ட நாயைத் தொட்டவர்கள் யாரும் சாயங்காலம் ஐந்து மணிவரை வெளியே போகக் கூடாது. பரிசோதனைக் குழு வரும் என்றார். அப்படியானால் டாக்டர் எங்கே என்று கம்பவுண்டர் கேட்டார். டாக்டர் எந்த நாயையும் தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அவருக்கு விலக்கு என்றார் அதிகாரி. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் கம்பவுண்டரால் மறுத்துப் பேச முடியவில்லை.

"உங்களுக்கும் அப்பப்ப இருக்கும்னு நீங்களே சொன்னதா டீச்சரோட வாக்குமூலம் இருக்கு" என்று அதிகாரி பதிவேட்டைத் தட்டிக் காட்டினார்.

எட்டு மணிக்குக் கம்பவுண்டர் கெஞ்சிப் பார்த்தார். எட்டரைக்குப் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். அதிகாரி வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, பல் வரிசை நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். ஒன்பதேகாலுக்குக் கிராதியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாய் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு முகத்துக்கும் அப்போது வித்தியாசமே இல்லை.

"சார், அது நோயே இல்லை" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஐந்தரையைச் சொன்னார், பதினோரு 'வெரி நைஸ்' சொன்னார். டாக்டரிடம் மறைத்ததையும் அட்டையை ஊறவைத்ததையும் சொன்னார்.

"பதினாலு மாசமாச்சு சார். தினமும் போன்ல, சாப்பிட்டியான்னு அவ கேக்கறா, சாப்பிட்டேன்னு நான் சொல்றேன். நல்லா இருக்கியான்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு சொல்றேன். எனக்கு ஆயிரம் வார்த்தை தெரியும் இப்போ. நீ இல்லாம முடியலேன்னு மட்டும் எந்த பாஷையிலயும் சொல்ல வரலை. நேர்ல போய் நின்னாதான் உண்டு. அதுக்கு எனக்கு ஏழு வேணும் சார்."

அதிகாரி முகமூடியை இறக்கி மூக்கைச் சிந்தினார். பிறகு கால்சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். வாசலில் நின்ற தன் பைக்கை உதைத்துக் கிளப்பி, பின்னால் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். மணி ஒன்பது முப்பத்தைந்து.

கம்பவுண்டர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். ஏறிய பிறகுதான் அவருக்கு மனசு உறுத்தியது. தனக்காக ஓர் அரசாங்க ஆள் இவ்வளவு துணிகிறாரே.

"என்னை விட்டதால உங்க வேலைக்கு ஆபத்து வந்துடாதே சார்?"

"எனக்கு ஏதுங்க வேலை, நான் உங்க டாக்டரோட மச்சினன்" என்றார் அவர். "அதுக்கு அழுமூஞ்சின்னு அர்த்தம், சனிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சைன்னு அத்தான் திங்கட்கிழமையே எனக்குச் சொல்லிட்டாரு."