தபோதரனின் 'முறைமை'யும் கம்சனாவின் கையும்

உலக விளையாட்டு வரலாற்றை இனி இரண்டு பாகங்களாகத்தான் எழுத வேண்டும்: ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துத் தபோதரன் பயிற்றுநர் சான்றிதழ் பெறுவதற்கு முன், பெற்றதற்குப் பின். சான்றிதழை ஒரே வார இறுதியில் பெற்றுவிட்டார். பந்தை ஒருமுறைகூட எறிந்ததில்லை. நீச்சல் போட்டி நடுவர் நனைகிறாரா என்ன?

அவர் கண்டுபிடித்ததன் பெயர் 'முறைமை'. அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். ஒரு மனிதப் பிறவிக்கு இத்தனை சிரமம் எதற்கு என்று தபோதரன் இரக்கம் கொண்டார். இனி அவர் கோட்டோரம் நின்று நிற அட்டை ஒன்றைத் தூக்குவார். மஞ்சள் என்றால் இடப்பக்கம் ஓடுபவளுக்கு, பச்சை என்றால் நடுவில் ஓடுபவளுக்கு. யோசிக்கும் பொறுப்பை 'மேலிடம்' ஏற்றுக்கொண்டது.

தமிழ் விளையாட்டுக் கழகத்தின் பெண்கள் அணி அந்தப் பருவம் முழுக்க வென்றது. குவாட்டர்பேக் கம்சனா அட்டையைப் பார்ப்பாள், பணிவாகத் தலையாட்டுவாள், பிறகு யார் காவலின்றி நிற்கிறாளோ அவளுக்கு எறிவாள். தபோதரன் பந்து போன திசையைக் கவனித்து, அட்டையை மெல்ல மாற்றிப் பிடிப்பார். முறைமை ஒருநாளும் பொய்த்ததில்லை.

சிக்கலைக் கொண்டுவந்தவர் கழகத் தலைவி புஸ்பவதி. இறுதிப் போட்டிக்கு முந்திய கூட்டத்தில், வாங்கிய பொன்னாடை ஒன்றுதான், அதை யாருக்குப் போர்த்துவது என்று கேட்டுவிட்டார்.

"பிள்ளையின்ரை கையாலைதானே வெண்டனாங்கள்," என்றார் பொருளாளர் குணசேகரம்.

தபோதரனுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. "அண்ணை, கை எல்லாரிட்டையும் இருக்கு. முறைமை ஆரிட்டை இருக்கு?"

நிர்வாகசபை இதை ஆழமாக ஆராய்ந்தது. தட்டில் றோல்ஸ் முடியும்வரை ஆராய்ந்தது. பின்னர், இறுதிப் போட்டியே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

போட்டியன்று தபோதரன் கம்சனாவைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, இண்டைக்கு அட்டைக்கு மாறா ஒரு பந்து போனாலும் உம்மை வெளியிலை இருத்திப்போடுவன். விளங்குதோ?"

இறுதிப் போட்டியை வெளியே இருந்து பார்ப்பதா? நினைக்கவே கம்சனாவுக்கு அழுகை வந்தது. "ஓம் அண்ணை," என்றாள்.

அன்று முறைமை தன் முழுப் பொலிவோடு விளங்கியது. முதற்பாதி முடிவதற்குள் எதிரணியான கொலோன் நகரப் பெண்களும் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள். மஞ்சள் உயர்ந்ததும் நம்மவர்களுக்கு முன்பே இடப்பக்கம் போய் நின்றார்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிகளுக்கும் பயிற்சி அளித்த பெருமை வேறு யாருக்குக் கிடைக்கும்? கடைசி எறிக்கு மறுபடியும் மஞ்சள் உயர்ந்தது. நடுவில் சுஜானி தன்னந்தனியாக நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். கம்சனா பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் எறிந்தாள். பந்தைக் கொலோன்காரி பிடித்துக்கொண்டு ஓடினாள்; வெற்றியும் அவளோடு போனது.

நிர்வாகசபை முழுவதும் சூழ்ந்து நிற்க, தபோதரன் விசாரணையைத் தொடங்கினார்.

"சுஜானி நடுவிலை தனிய நிண்டவள். உமக்குத் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சது அண்ணை. நீங்கள் மஞ்சள் தூக்கினனீங்கள். இண்டைக்கு ஒரு எறிகூட நான் மாத்தேல்லை."

தபோதரனின் குரல் உடைந்தது. பருவம் முழுக்கக் கட்டிக் காத்த மானத்தை இந்தப் பெண் ஒரே நாளில் கப்பலேற்றிவிட்டாளே.

"இவ்வளவு நாளும் நான் சொன்னதைக் கேட்டனீரோ? இண்டைக்கு மட்டும் ஏன் பிள்ளை கேட்டனீர்?"