ஒரு நபர் மட்டும்

பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் கூரைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி, லிஃப்ட்காரர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தார்.

இனிமேல் முன்னால் போவது.

லேசான முடிவா இது? இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். மேலே போயிருக்கிறார், கீழே வந்திருக்கிறார். ஏறிய மாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு ஏணி போட்டிருக்கலாம். ஆனால் சாயங்காலம் பார்த்தால், காலையில் நின்ற அதே இடத்தில்தான் நிற்பார். ஓர் அடி நகர்ந்திருக்கமாட்டார்.

முடிவுக்குக் காரணம் சாப்பாட்டு டப்பா. அதைச் சுற்றியிருந்த செய்தித்தாளில், ஓர் எண்ணெய்ப் பொட்டுக்குப் பக்கத்தில், இரண்டு விளம்பரங்கள். 'குரூசர் பைக் விற்பனைக்கு. மூன்று வருடமே ஓடியது.' அதன் கீழே: 'குரூசர் பைக் விற்பனைக்கு. வயது பதினெட்டு. ஒற்றை சீட். அருமை தெரிந்தவர்கள் மட்டும் வரவும்.'

விதி யார் யாரையோ எங்கெங்கோ தேடி வரும். இவரைத் தேடி மதியச் சாப்பாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது.

கிணறு மாதிரி இருண்ட அந்த லிஃப்ட் குழிக்குள் எங்கோ உச்சியிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. இரும்பு வடம் மெல்ல முனகியது. லிஃப்ட்காரர் கண்ணை மூடினார். முதுகை நிமிர்த்தி, காலை முன்னால் நீட்டி, கைகளை அகல விரித்து, அரசன் அரியணையோடு கிளம்பிப் போவதுபோல் போகும் வண்டியல்லவா குரூசர்! இரண்டு பக்கமும் மரங்கள். மரங்களுக்கு மேல் மேகம். மேகத்தின் நிழல் சாலையில் முன்னால் போகிறது. அவர் அதன் பின்னாலேயே போகிறார். அவசரம் இல்லை. பேச்சுச் சத்தம் இல்லை. டப்... டப்... டப்... அது மட்டும்தான்.

கீழே யாரோ, "ஏம்பா, லிஃப்ட் இன்னிக்கு வருமா, நாளைக்கு வருமா?" என்று கத்தியபோது அவர் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் இருந்தார்.

அந்தப் 'பேச்சுச் சத்தம் இல்லை' என்ற இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கனவின் உயிர்நாடி அதுதான். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் உண்டு. அதில் முன்னால் அவர், பின்னால் மனைவி, மனைவிக்கும் பின்னால் ஒரு கட்டு ஃபோம். மனைவி சீட் தைப்பவள். சோபா, கார், பைக் என்று மனிதன் உட்காரும் எதற்கும் உறை தைப்பாள். ஃபோம் வாங்கப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் வண்டியை ஓட்டும். "லாரி வருது... பிரேக்கு... அந்தப் பக்கம் ஏன் போறீங்க... பள்ளம், பள்ளம்!" பள்ளத்தில் விழுந்த பிறகு, "சொன்னேன்ல?"

ஆகவே அவருக்குப் பழைய வண்டிதான் வேண்டும். ஒற்றை சீட். அதில் இரண்டாவது ஆளுக்கு இடமே கிடையாது. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன்னந்தனியாகப் போவார்.

ஆனால் காரணத்தை வெளியில் சொல்லக்கூடாது. இஞ்சின், இரும்பு, இலட்சியம் என்று ஆயிரம் பேசலாம். சீட்டைப் பற்றி மட்டும் மூச்சுவிடக்கூடாது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதையே மிஞ்சிவிட்டார் மனிதர். சீட் தைப்பவளிடமிருந்து சீட்டை மறைக்கக் கிளம்பினார்.

வீட்டின் முன்னறையில் மனைவி ஒரு நாற்காலியைக் குப்புறப் போட்டு உறை இழுத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. வாயில் ஊசி இருந்தால் அவள் பேசமாட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"ஏம்மா, பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். குரூசர்."

"ம்."

"ரெண்டு வண்டி விலைக்கு வந்திருக்கு. ஒண்ணு பழசு, ஒண்ணு கொஞ்சம் புதுசு."

"ம்ம்."

இவ்வளவு சுலபமா? அதற்குள் கடைசி ஊசியும் துணியில் ஏறிவிட்டது. வாய் காலி.

"அதுல போனா என்ன விசேஷம்?"

"காலை நீட்டி, சாஞ்சு உக்காந்துக்கிட்டே போகலாம்."

"அதுக்குத்தான் சோபா தைச்சுப் போட்டிருக்கேன். அது பெட்ரோலும் குடிக்காது."

"சோபா முன்னால போகாதே!"

"நீங்க மட்டும்?"

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. பதினோராவது மாடியில் அவர் கண்டெடுத்த தத்துவத்தை இவள் தரைத்தளத்திலேயே வைத்திருக்கிறாளே!

"சரி, ரெண்டையும் பாப்போம்," என்றாள் அவள். "நானும் வரேன்."

புது வண்டி ஒரு ஜிம் மாஸ்டருடையது. இரட்டைக் குழந்தை பிறந்துவிட்டதாம், அதனால் விற்கிறாராம். பெண்களுக்கு இஞ்சின் தெரியாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, ஆனால் அதைப் படிக்காத ஆண்பிள்ளை கிடையாது. ஜிம் மாஸ்டர் மனப்பாடமே செய்திருந்தார்.

"சார், நீங்க இஞ்சினைப் பாருங்க சார். மேடம், நீங்க இப்படி வாங்க. உங்க ஏரியா இது. பேக்ரெஸ்ட்! சாஞ்சு தூங்கிக்கிட்டே போகலாம்."

அவள் கட்டைவிரலால் பின்சீட்டை ஒரு அழுத்து அழுத்தினாள். "மட்டமான ஃபோம். அடுத்த வருஷம் நடுவுல குழி விழும்."

"மேடம் நல்லா ஜோக் அடிக்கிறாங்க சார்," என்று அதையும் சாரிடமே சொன்னார் ஜிம் மாஸ்டர்.

பொத்தானை அமுக்கியதும் வண்டி 'ங்ங்ங்' என்றது, சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடுவது மாதிரி. லிஃப்ட்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். மரங்கள் வந்தன. மேகம் வந்தது. பின்னாலிருந்து, "லாரி வருது!" என்ற குரலும் வந்தது. அகலமான சீட். ஆள் உட்காரலாம், சாயலாம், ஒரு கட்டு ஃபோமும் வைக்கலாம். கண்ணைத் திறந்துவிட்டார்.

பழைய வண்டிக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். "வாங்கம்மா, வாங்க," என்று மனைவியை முதலில் வரவேற்ற பிறகுதான் இவரைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று லிஃப்ட்காரர் எண்ணிக்கொண்டார்.

கொட்டகையில் போர்வையை விலக்கியதும் அவர் கால்கள் தாமாக முன்னால் போயின. வெள்ளிப் பூச்செல்லாம் பல் மாதிரி பளிச்சிட்டது. "தினம் ரெண்டு வேளை துலக்குவேன்," என்றார் டாக்டர். பெட்ரோல் டாங்கின் வளைவில் லிஃப்ட்காரரின் முகம் நீண்டு, தாடை அகன்று, சினிமா நாயகன் போலத் தெரிந்தது. தலைக்குப் பின்னால் ஒரு துண்டு வானமும் தெரிந்தது. இஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு, அதில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். டாக்டர் மூன்று உதை உதைத்தார்.

டப்.

கொஞ்ச நேரம் கழித்து, டப்.

இரண்டு 'டப்'புக்கும் நடுவில் ஒரு மனிதன் ஒரு முழு நினைப்பை நினைத்து முடிக்கலாம். லிஃப்ட்காரர் அந்த இடைவெளிக்குள் இறங்கி, அங்கேயே குடியிருந்துவிட்டார். பழுப்புத் தோலில் சின்னதாக ஒரு சீட், உள்ளங்கை குவித்ததுபோல. சீட்டைப் பற்றி மூச்சுவிடக்கூடாது என்ற விரதத்தை அவரே மறந்தார்.

"டாக்டர், சீட் தையல் பிரமாதம்! யாரோ கை தேர்ந்தவர் போட்டது."

டாக்டர் வாயைத் திறந்தார். மனைவி அவரைப் பார்த்தாள். ஊரார் வாயையெல்லாம் ஆயுள் முழுக்கத் திறக்கச் சொன்னவர், தன் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்," என்றார் பிறகு.

"வேண்டாம் டாக்டர். முதல் ரவுண்டு, வண்டி நம்மளோடது ஆனப்புறம்தான். அதுதான் அதுக்கு மரியாதை."

"அதுவும் சரிதான்," என்றாள் மனைவி.

அன்று மாலை வீட்டில் வழக்கு நடந்தது. அவள் ரெக்சின் வெட்டிக்கொண்டே புது வண்டிக்காக வாதாடினாள். வாயில் ஊசி இல்லாமல் வாதாடினாள்.

"புதுசு பொத்தானை அமுக்கினா கிளம்புது. அது மூணு உதை கேக்குது."

"உதைச்சாத்தாம்மா உறவு! பொத்தானை நான் ஆபீஸ்லயே நாள் பூரா அமுக்கறேன்."

"எண்ணெய் சொட்டுதே?"

"உயிர் இருக்கற எதுக்கும் வேர்க்கும்."

"பிரேக்கு?"

"மெதுவாப் போறவனுக்கு எதுக்கு பிரேக்கு?"

ஒவ்வொன்றிலும் தோற்றாள். தோற்கத் தோற்க அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்யாணமான பதினாறு வருடத்தில் ஒரே மாலையில் மூன்று வெற்றி! கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒத்த சீட்டா இருக்கே. வேணும்னா பின்னாடி ஒரு சீட் தைச்சு மாட்டிடட்டுமா? ஒரு நாள் வேலை."

"ஐயையோ, வேண்டாம்!" குரல் கொஞ்சம் உயர்ந்தேவிட்டது. சமாளித்தார். "அதாவது, இது ஒருத்தருக்குன்னே பண்ணின வண்டி. பின்னாடி ஒரு சீட்டை ஒட்டினா வண்டியோட ஆன்மாவே போயிடும்."

"அப்படியா? அப்ப யாருக்கு ஓட்டத் தெரியுமோ அவங்க மட்டும்தான் போகணும்?"

"அவங்க மட்டும்தான்."

"நாளைக்கு மனசு மாறமாட்டீங்களே?"

"எழுதி ஒட்டட்டுமா?"

"நீங்க சொன்னா சரி," என்றாள்.

பதினாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. விவரமானவன் என்றால் அந்த இடத்திலேயே நடுங்கியிருப்பான். லிஃப்ட்காரரோ மேகத்தின் நிழலைத் துரத்திக்கொண்டிருந்தார். விண்ணப்பம், காப்பீடு, உரிமத்தின் நகல் எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று உருகினார்.

சொன்னதைச் செய்கிறவர் அவர். நிஜமாகவே எழுதி ஒட்டினார். ஒரு பங்களாவிலிருந்து கழற்றிய சின்ன லிஃப்ட் ஒன்றின் பித்தளைத் தகடு அவர் பெட்டியில் கிடந்தது. 'கொள்ளளவு: ஒரு நபர் மட்டும். மீறினால் ஆபத்து.' ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனதும், அந்தத் தகட்டைத் துடைத்து டாங்கின்மேல் ஒட்டினார். இளவெயிலில் அது தங்கம்போல் மின்னியது. தெரு முனையில் சாலை திரும்பும் இடத்தில் கொஞ்சம் பனி மிச்சமிருந்தது. அதற்கு அப்பால் உலகம் முன்னால் முன்னாலாக விரிந்து கிடந்தது.

பூட்ஸ் மாட்ட உள்ளே போனார். இடது கால் பூட்ஸுக்குள் நுழையும்போது சத்தம் கேட்டது.

டப்.

ஒரே உதையில்!

ஒற்றை பூட்ஸோடு வாசலுக்கு ஓடினார். வண்டிமேல் மனைவி. தலையில் ஹெல்மெட், கைகளில் கான்வாஸ் துணியில் அவளே தைத்த கையுறை, இரண்டு காலும் தரையில் பதிய, தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், இறங்கு! விழுந்துடப் போறே!"

"இத்தனை வருஷத்துல விழலை, இன்னிக்கா விழப்போறேன்? பைக் சீட் தைச்சா, தையல் தொடையில உறுத்துதான்னு ஓட்டிப் பாக்காம குடுப்பேனா? நீங்க லிஃப்டுக்குள்ள இருந்த நேரத்துல நான் எத்தனை வண்டி ஓட்டியிருக்கேன் தெரியுமா? இந்த சீட்டும் நான் தைச்சதுதான். ரெண்டு மாசம் முன்னாடி இதுல பாலம் வரைக்கும் போய்ட்டு வந்தேன். அன்னிக்கே டாக்டர் விக்கப் போறேன்னார். 'யார்கிட்டயும் குடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப அந்த விளம்பரம்?"

"போடச் சொன்னதே நான்தான். டப்பாவை யார் சுத்தறா?"

விதிக்கு ஊசி நூல் எல்லாம் உண்டு என்பது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரி, விளையாடினது போதும். வண்டி என் பேர்ல இருக்கு."

அவள் ஜாக்கெட் பையிலிருந்து அவருடைய ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினாள். "பின்பக்கம் படிங்க."

படித்தார். 'கியர் இல்லாத இருசக்கர வாகனம் மட்டும்.' இருபது வருடத்துக்கு முன் மச்சானின் ஸ்கூட்டரை ஓட்டிக்காட்டி வாங்கிய உரிமம். உலகத்துக்கே 'எட்டு நபர்', 'பத்து நபர்' என்று தகடு அடித்துக் கொடுத்தவர், தன் தகட்டைப் படித்ததில்லை.

"அதை வச்சு கியர் வண்டிக்குக் காப்பீடு தரமாட்டேன்னுட்டாங்க. என்னோட உரிமத்துல கியர் இருக்கு. அதான் என் பேர்ல எழுதிட்டேன். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

சான்றிதழ் இல்லாத லிஃப்டை அவர் ஒருநாளும் ஓடவிட்டதில்லை. மந்திரியே உள்ளே நின்றாலும் பூட்டிவிடுவார். அந்த மனச்சாட்சி இப்போது ஒற்றை பூட்ஸோடு வாசலில் நின்றது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனே!"

"நீங்க கேட்டா அது ஆசை. நான் கேட்டா அது பேராசை. உங்க அம்மாவில இருந்து உங்க மச்சான் வரைக்கும் எல்லாரும் வந்து நியாயம் பேசியிருப்பாங்க." ஹெல்மெட்டின் வாரை இழுத்துக் கட்டினாள். குரல் தணிந்தது. "பதினாறு வருஷமா உங்க முதுகைப் பாத்துக்கிட்டே ஊரைச் சுத்தியிருக்கேங்க. எந்தச் சட்டையில காலர் தையல் எப்ப விட்டதுன்னு கேளுங்க, சொல்றேன். ரோடு எப்படி இருக்கும்னு கேட்டா தெரியாது."

டப்... டப்... அந்த இடைவெளிக்குள் லிஃப்ட்காரர் மறுபடியும் இறங்கினார். மரங்கள் இருந்தன. மேகத்தின் நிழல் இருந்தது. முன்னால் ஒருத்தி போகிறாள். அவளுக்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. அது அப்படியொன்றும் மோசமான இடமாகத் தெரியவில்லை. காற்று அங்கேயும் வரும். சாய்ந்துகூடக் கொள்ளலாம்.

"ஏம்மா," என்றார், குழைந்து. "பின்னாடி ஒரு சின்ன சீட்... நீ நினைச்சா ஒரே நாள்ல தைச்சிடுவே."

அவள் பித்தளைத் தகட்டைக் கையுறையால் ஒருமுறை துடைத்துவிட்டு, கியரைப் போட்டாள்.

"ஐயையோ, பின்சீட் வச்சா வண்டியோட ஆன்மாவே போயிடுமாம்! என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். அவர் பேச்சை நான் தட்டறதே இல்லை."