பொம்மையைத் தொடாதீர்கள்

மனிதகுலம் பயத்தை வென்றுவிட்டது. வென்றது மட்டுமல்ல, அதற்கு நுழைவுச்சீட்டும் போட்டுவிட்டது. இந்த மகத்தான சாதனை அமெரிக்காவின் ஒஹாயோவில், எங்கள் ஊர்ச் சோளக்காட்டை ஒட்டிய பழைய மாட்டுக் கொட்டகையில் ஒவ்வோர் அக்டோபரிலும் நிகழ்கிறது. இந்த ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்கு அதன் பெயர் 'பொம்மலாட்டப் பேய்வீடு'. வளைந்து வளைந்து போகும் இருட்டுப் பாதை. திரும்புகிற இடமெல்லாம் கயிற்றில் தொங்கும் மனிதப் பொம்மைகள்.

என்னோடு டயர்க் கடையில் வேலை செய்யும் வெண்டலுடன் போனேன். அவன் மனைவி டார்லாவுக்கு அங்கே பொம்மையாகத் தொங்கும் உத்தியோகம்.

வாசலில் டார்ச்சுடன் நின்ற பெண் சட்டத்தை அறிவித்தாள். "நீங்க பொம்மைங்களைத் தொடாதீங்க. பொம்மைங்க உங்களைத் தொடாது."

எந்த நாட்டு அரசியல் சாசனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஒரு திருப்பத்தில் டார்லா தொங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சாயம் பூசிய முகம், கன்னத்தில் சிவப்பு வட்டம்.

"யோவ் வெண்டல், இடுப்புப் பட்டை கழண்டுடுச்சு. ஒத்தக் கையில தொங்குறேன். இறக்கி விடுய்யா."

வரிசை நின்றது. கை தட்டியது.

"என்னமா கத்துறா பாரு," என்றான் வெண்டல் என்னிடம். பெருமையில் அவன் குரல் தழுதழுத்தது. "வீட்ல இவ்வளவு உணர்ச்சியாப் பேசவே மாட்டா."

"தோள்பட்டை கழண்டுடும்டா, மடையா."

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேம்மா."

பின்னால் சூடான ஆப்பிள் சாறு குடித்துக்கொண்டிருந்த அம்மாள் விமர்சனம் வழங்கினார். "போன வருசம் பேயாத் தொங்கினவ வெறும் துணி மாதிரி தொங்கினா. இவகிட்ட உயிர் இருக்கு."

"இப்ப வரைக்கும் இருக்கு," என்றாள் டார்லா.

'அச்ச அனுபவ மேலாளர்' ராஸ்கோ ஓடி வந்தார். "பொம்மை பேசக் கூடாது டார்லா. பயிற்சியிலயே சொன்னோம்ல."

டார்லா அவருடைய பரம்பரையைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத சில கருத்துகளைத் தெரிவித்தாள். கைதட்டல் இரட்டிப்பானது. ராஸ்கோ யோசித்தார். உதவியாளர்கள் இருவரை அழைத்து அவள் காலடியிலேயே அவசரக் கூட்டம் நடத்தினார். பொம்மை தொடர்ந்து பேசலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"பேசும்மா," என்றார் ராஸ்கோ. "பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்குற மாதிரி."

கடைசியில் அவளை இறக்கியது கயிறுதான். அதற்கு விதிமுறை தெரியாது. அறுந்தது.

வைக்கோலில் விழுந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். சாயத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. இப்போது அவள் கத்தவில்லை.

"வெண்டல், எனக்கு நெசமாவே வலிக்குதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

வெண்டல் மனைவியிடம் பொய் சொல்லாதவன்.

"முதல் கத்தல்லயே தெரிஞ்சுது. இல்லேன்னா இவ்வளவு நேரம் நின்னு பாத்திருப்பனா?"

வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.