பிறப்புப் பத்தியில் இடமில்லை

சாக்பீஸோடு ஸ்டூல் மேல் ஏறி நின்ற பிறகுதான், 'பிறப்பு' என்ற தலைப்பின்கீழ் இனி ஓர் எழுத்துகூட நுழையாது என்பது வேதசிரோமணிக்குத் தெரிந்தது.

தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், இரும்புலியூரில் தன் காலனி வாசலில் உள்ள கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதிவருகிறார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் யாராலும் நிறுத்தவும் முடியவில்லை.

இன்று அக்டோபர் இரண்டு. பிறப்புப் பத்தியைக் காந்தியும் லால் பகதூர் சாஸ்திரியும் நிரப்பிவிட்டார்கள். இறப்பில் காமராஜர் மட்டும், 1975. அவருக்குக் கீழே ஏகப்பட்ட இடம் காலியாகக் கிடந்தது.

எட்டாம் நம்பர் வீட்டு சுந்தரராமனுக்கு இன்று எழுபது வயது. நண்பரை எப்படி விடுவது? காமராஜருக்குக் கீழே, 'நம் காலனி சுந்தரராமன், வயது 70' என்று எழுதினார். பிறப்புப் பக்கம் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அதற்குள் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

அந்த ஐந்து நிமிடத்தில், வாக்கிங் போன யாரோ பலகையைப் படமெடுத்துக் காலனி குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

'இறந்தது யார்? நம்ம சுந்தரராமன் சாரா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

வேதசிரோமணி கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லாமல் பதில் அடித்தார்: 'சுந்தரராமன் இல்லை.'

ஒரே நிமிடத்தில் நாற்பத்து மூன்று பேர் கைகூப்பினார்கள்.

பதறிப்போய் இன்னொன்று அனுப்பினார்: 'எல்லாம் என் தவறு. பெரிய பிழை செய்துவிட்டேன்.'

மனைவி சாராள் போனை வாங்கிப் படித்தாள். "ஏங்க, இதைப் பாத்தா நீங்களே அவரை ஏதோ பண்ணிட்ட மாதிரி இருக்கு."

"அவரையே நேர்ல கூட்டிட்டு வந்து பலகை பக்கத்துல நிக்க வச்சுடறேன்," என்று கிளம்பினார்.

எட்டாம் நம்பர் வீடு பூட்டியிருந்தது. கேட்டில் அதற்குள் ஒரு ரோஜா மாலை தொங்கியது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"விடியக்காலைல ரெண்டு பேரும் ஆட்டோல குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போனாங்க சார். நல்லாத்தான் போனாரு."

சுந்தரராமனின் போன் அணைந்திருந்தது. அவர் மனைவி பாலாம்பாளின் போனும் அப்படியே. வேதசிரோமணியின் போன் மட்டும் அடித்தது. அழைத்தது சுந்தரராமனின் மகன் ஜெயகிருஷ்ணன். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டலாம் என்ற பேச்சில் அப்பாவோடு முறைத்துக்கொண்டு போனவன். வேளச்சேரியில்தான் இருக்கிறான். நாலு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"அங்கிள், அப்பாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. அப்பா மலையேறிட்டாரு."

மறுமுனையில் ஒரு விம்மல். போன் துண்டிக்கப்பட்டது. தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்பது வேதசிரோமணிக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பி அழைத்தார். அவன் எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில், ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து இறங்கினான். மாலையைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேதசிரோமணி எவ்வளவு சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. 'இந்த நட்பும் போயிற்று, இனி இந்தக் காலனியில் தலைகாட்ட முடியாது' என்று அவர் வியர்த்து நின்றபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது.

நெற்றி நிறைய விபூதியோடு சுந்தரராமன் இறங்கினார், பின்னாலேயே பாலாம்பாளும். கூட்டம் வழிவிட்டது. மகன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு செருப்பு எங்கடா?" என்றார் சுந்தரராமன்.

"தெரியலப்பா."

"சரி, உள்ள வா. அம்மா காபி போடுவா."

மூவரும் உள்ளே போனார்கள். வேதசிரோமணி ஆட்டோ டிரைவர் பிரிட்டோவின் பக்கத்தில் தளர்ந்து சாய்ந்தார். "மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டலியே. விஷயமே தெரியாதோ?"

பிரிட்டோ குரலைத் தாழ்த்தினான்: "ஏழு மணிக்கே மலையடிவாரத்துல உங்க மெசேஜைப் பாத்துட்டாரு சார், 'போனை ஆஃப் பண்ணு பாலா, பையன் வூட்டுக்கு வர்ற வரைக்கும் நான் செத்தே இருக்கேன்'னு சொல்லிட்டு, இன்னும் ரெண்டு இட்லி வாங்கித் துன்னாரு."