ஒன்பதாவது சுற்றுக்காரர்

கடைசியில் மட்டும் வருகிறவர் என்றொரு இனம் உண்டு. பேஸ்போல் ஒன்பது சுற்று ஆட்டம்; அதில் அவருக்குக் குளோசர் என்று பெயர். எட்டுச் சுற்று மற்றவர்கள் கை நோக எறிந்து முன்னிலையைக் காத்துக் கொடுக்க, ஒன்பதாவதில் வந்து மூன்று பேரை வெளியேற்றி, 'சேவ்' என்ற பெருமையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு போகிறவர்.

இஷொய் ஊர்க் கழகத்து நவரத்தினத்தாரைப் பாருங்கள். வயது ஐம்பத்திரண்டு, தோள் இன்னும் இரும்பு. ஏழாவது சுற்றுவரை மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்த தேத்தண்ணி குடிப்பார். எட்டாவதில் கையைச் சுழற்றுவார். ஒன்பதாவதில், அதுவும் முன்னிலை மூன்று ஓட்டத்துக்கு மேற்படாவிட்டால் மட்டும் (மேற்பட்டால் சேவ் எழுதமாட்டார்கள்), நடந்து வருவார். அது நடையா? மாப்பிள்ளைகூட மணவறைக்கு அவ்வளவு ஆறுதலாக வரமாட்டார்.

போன ஞாயிறு பக்கத்து ஊர் புரொண்பிக்காரரோடு ஆட்டம். தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். ஏழாவது சுற்று, ஒரே ஓட்டம் முன்னிலை, மூன்று தளத்திலும் ஓட்டத்துக்குக் காத்து நிற்கும் எதிராளிகள். பயிற்சியாளர் அஜந்தினி வாங்குக்கு ஓடி வந்தாள்.

"நவம் அண்ணை, எழும்புங்கோ. நீங்கள்தான் எறியவேணும்."

"பிள்ளை, இது ஏழாவதெல்லே?"

"ஓம். நெருப்பு இப்பதானே பிடிச்சிருக்கு!"

"குளோசர் எண்டா ஒன்பதாவது. அது மரபு."

"இண்டைக்கு எறியாட்டி அடுத்த வருசம் லிஸ்ற்றில எங்க இருப்பியளெண்டு பாருங்கோ."

மரபாம்! ஐம்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவில் குளோசருக்குத் தீயணைப்புக்காரர் என்றே பெயர். ஏழாவதோ எட்டாவதோ, தளங்கள் நிரம்பினால் கூப்பிடுவார்கள்; மூன்று சுற்றுக்கூட எறிவார். ஒன்பதாவதுக்கென்று பொத்திவைக்கும் பழக்கம் பிறகு வந்தது. இப்போது மறுபடி, ஆபத்து எப்போதோ அப்போதே நல்ல கையை இறக்கு என்கிறார்கள். ஆக, நவரத்தினத்தார் மரபென்று கட்டிப்பிடித்தது இடையில் வந்த நாகரிகம்; அஜந்தினி புதிதாகக் கொண்டுவந்ததுதான் பழசு.

அவர் எழும்பவில்லை. பஸ் ஓட்டும் ஜதுர்சன் எறிந்தான். ஒருவனும் ஓட்டம் எடுக்கவில்லை. எட்டாவதில் இஷொய்க்காரர் இன்னும் நாலு ஓட்டம் சேர்த்தார்கள். ஒன்பதாவதில் நவரத்தினத்தார் தொப்பியைச் சரிசெய்து புறப்பட்டார். முன்னிலை ஐந்து. சேவ் கிடையாது. திரும்பி வந்து வாங்கில் இருந்தார்.

வென்றபின் ஜதுர்சனின் முதுகில் தட்டினார். "நான் கை சுழட்டினதைப் பாத்துத்தான்ரா அவங்கள் பயந்தவங்கள்."

"ஓம் அண்ணை, உங்கட தேத்தண்ணிச் சூடு எனக்கே பட்டது."

அடுத்த வருடப் பட்டியல் வந்துவிட்டது. பதினெட்டுப் பேரில் அவர் பெயர் பதினெட்டாவது. அவருக்கு மெத்தத் திருப்தி: "குளோசரை வேற எங்க போடுறது?"

சிரிக்கிறீர்கள். சரி, மேலே உள்ளதையெல்லாம் வரிவரியாக வாசித்தீர்களா, இல்லை முடிவைப் பார்க்க நேரே இங்கே இறங்கினீர்களா? இறங்கியவரென்றால் வாருங்கள், வாங்கில் இடமிருக்கிறது. பிளாஸ்க்கிலும் கொஞ்சம் மிச்சமுண்டு.