மங்கலாக்கப்பட்ட மகள்

இளையோர் நலத்துறைக்கு ஓர் ஆவணப்படம் தேவைப்பட்டது. 'வழிதவறும் இளைய தலைமுறை' என்ற தலைப்பும், அவர்கள் வழிதவறித்தான் விட்டார்கள் என்ற முடிவும் ஏற்கெனவே மேலிடத்தின் கனிவான ஒப்புதலைப் பெற்றுவிட்டன. படம் எடுப்பது மட்டும்தான் பாக்கி.

டைரக்டர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படம் பிடித்துவந்து எடிட்டரிடம் கொடுத்தார். எடிட்டர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், பந்து விளையாடினார்கள், ஒருவருக்கொருவர் பென்சில் கொடுத்து வாங்கினார்கள். வழிதவறியவர் என்று பார்த்தால், கழிப்பறை எங்கே என்று தெரியாமல் சுற்றிய காமிராக்காரர் ஒருவர்தான்.

"ஒண்ணும் தேறலையே சார்."

"தானா தேறாது. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க," என்றார் டைரக்டர்.

எடிட்டர் தேறவைத்தார். விளக்கைச் சரிசெய்யும்வரை காத்திருந்து கொட்டாவி விட்ட பையனின் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, நீல நிறம் ஏற்றி, அடியில் 'உம்ம்' என்று ஒரு சத்தம் சேர்த்தார். பையன் என்னத்தையோ உட்கொண்டவன் ஆகிவிட்டான். கோல் விழுந்ததற்குக் கத்திய கூட்டத்துக்கு முன்னால் எங்கோ உடைந்த ஜன்னல் ஒன்றை ஒட்டினார். கலவரம் தயார். கைப்பழக்கம், என்ன செய்வது?

அப்புறம்தான் திரையில் அவருடைய மகள் வந்தாள். அவள் படிக்கும் பள்ளிக்கூடம்தான் அது. படம் பிடித்தார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். இவர்தான் காதில் வாங்கவில்லை.

"எனக்கு எங்கப்பாவை ரொம்பப் பிடிக்கும். எப்பவும் வேலை வேலைன்னு இருக்கறதுதான் பிடிக்காது," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

எடிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற டைரக்டருக்கோ முகம் மலர்ந்தது.

"நடுவுல இருக்கறதை எடுத்துடுங்க. 'எனக்கு எங்கப்பாவை... பிடிக்காது.' அடடா."

"சார், இது என் பொண்ணு."

"அப்படியா? ரொம்ப நல்லாப் பேசுது."

"வேற பிள்ளைங்க யாரையாவது போட்டுக்கலாமே."

"வேற யாரு 'பிடிக்காது'ன்னு சொன்னாங்க? எல்லாரும் பிடிக்கும் பிடிக்கும்னு உயிரை வாங்கறாங்க."

மாட்டேன் என்றால் வேலை போகும். செய்தால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. யோசித்து யோசித்து, நடுவை வெட்டிவிட்டு மகளின் முகத்தை மங்கலாக்கினார். குரலைக் கட்டையாக்கினார். எல்லாருக்கும் ஒரே சீருடை, இனி யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

துறைச் செயலாளர் அம்மையார் படம் பார்த்தார். கொட்டாவியும் கலவரமும் அவரை அசைக்கவில்லை. மங்கல் முகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு முகத்தை ஏன் மறைச்சிருக்கு?"

"யாருன்னு தெரியக்கூடாதுன்னுதான் மேடம்," என்றார் எடிட்டர்.

"அப்ப பெருசா என்னமோ பண்ணியிருக்கா."

"ஒண்ணுமே பண்ணலை மேடம்."

"ஒண்ணுமே பண்ணாதவ முகத்தை யாராவது மறைப்பாங்களா?"

'முகமிழந்த சிறுமியர் மீட்புத் திட்டம்' அன்றே உதயமாயிற்று. மங்கல் முகம் சுவரொட்டியானது. அதைப் பார்த்த பெற்றோர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை உற்றுப் பார்த்தார்கள். சிரித்த பிள்ளை ஏன் சிரிக்கிறது என்று விசாரிக்கப்பட்டது. சும்மா இருந்த பிள்ளை ஏன் சும்மா இருக்கிறது என்று விசாரிக்கப்பட்டது. தொல்லை தாங்காமல் பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். படத்தில் சொன்னது அப்படியே நடக்கிறது என்று துறை பெருமகிழ்ச்சி அடைந்தது.

பிறகு அதே பள்ளிக்கூடத்தில் படத்தைத் திரையிட்டார்கள். மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மங்கல் முகம் வந்து, கட்டைக் குரலில், "எனக்கு எங்கப்பாவை... பிடிக்காது," என்றது. அரங்கமே உச்சுக் கொட்டியது. எடிட்டர் ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார்.

"சே, இந்த மாதிரிப் பொண்ணுங்களாலதாம்ப்பா எங்க எல்லாருக்கும் கெட்ட பேரு," என்றாள் மகள்.

எடிட்டருக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கம் கொஞ்சம் பின்தங்கித்தான் வந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். மகள் எழுந்திருக்கவில்லை.

"நான் பேசினதை ஏம்ப்பா போடலை? உங்களைப் பத்தி நல்லாத்தானே சொன்னேன்."

"படம் நீளமாயிடுச்சும்மா."

"பரவாயில்லைப்பா. அந்தப் பொண்ணு சொன்னதைப் போட்டீங்களே, அதான் முக்கியம். அதைப் பார்த்தாவது அவ அப்பாவுக்குப் புத்தி வரட்டும்."