பரீட்சைக்குப் போன மீன்

பழவேற்காடு,
21-4-1974.

எளாவூர் செக்போஸ்டுக்கு எதிரில் ஓட்டல் வைத்து, கல்கத்தா ரோட்டில் போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் வேளாவேளைக்குச் சோறு போடும் புண்ணியவான் மாமா லோகநாதன் அவர்களுக்கும், அக்கா சம்பூர்ணத்துக்கும், மைத்துனன் அருணகிரி வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் உங்களிடம் பொய் எழுதக் கை வரவில்லை. இந்த வீட்டில் இப்போது என் சம்சாரம் முத்தம்மாள் ஒருத்திதான் சுகமாக இருக்கிறாள், அவளால் மற்றவர்கள் யாரும் சுகமாக இல்லை. அங்கே நீங்களும் அக்காவும் மருமகப்பிள்ளை சேகரும் சுகம்தானே. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவனுக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டதாக ஏலத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள், சந்தோஷம்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மாமா. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். தை மாதம் உங்கள் ஓட்டலில் நாலு பேர் முன்னால் உட்காரவைத்து, "பி.எஸ்சி. முடியட்டும்னு சொன்ன, சரின்னேன். அப்பறம் எம்.எஸ்சி.ன்ன, அதுக்கும் சரின்னேன். இனிமே ஒரே ஒரு பேப்பர் போச்சின்னாலும் ஆவணியில என் புள்ளைக்கும் உன் பொண்ணுக்கும் கல்யாணம், இன்னா சொல்ற?" என்று கேட்டீர்கள். நானும் உங்கள் வீட்டு வடையைத் தின்றுகொண்டே, "போவாது மாமா, போனா நீங்க சொல்றதுதான்" என்று வாக்குக் கொடுத்தேன். போய்விட்டது. பேப்பர் போயிருந்தால்கூட மனசு ஆறும். போனது மீன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், யார் மேல் தப்பு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். ரத்னா யூனிவர்சிட்டி ஆஸ்டலிலிருந்து எழுதியிருந்தாள். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசிப் பரீட்சையில் பிராக்டிகல் என்று ஒன்று உண்டாம். அதற்கு ஒவ்வொரு பிள்ளையும் விதவிதமான மீன், நண்டு, இறால் சேர்த்துக் கொண்டுபோய் மேஜையில் வைக்க வேண்டுமாம். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து செதிலைப் பார்ப்பார், துடுப்பைப் பார்ப்பார், செவுளைத் திறந்து பார்ப்பார், இது என்ன ஜாதி, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பாராம். "மத்தப் பசங்க எல்லாம் மார்க்கெட்டுல வாங்கிக்கினு வர்றாங்க நைனா, நம்ம ஏரி மீனு மாதிரி யாருக்கும் கெடைக்காது, நீதான் கொண்டாரணும்" என்று எழுதியிருந்தாள். மீனவர் சொசைட்டியில் குமாஸ்தாவாக இருக்கிறவனிடம் பெற்ற மகள் இப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? குப்பத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்தேன். மடவை வந்தது, கிழங்கான் வந்தது, கொடுவாக் குஞ்சு வந்தது, பச்சை நண்டு கடித்துக்கொண்டே வந்தது. பெயர் தெரியாத குட்டி மீன்களையெல்லாம் வலையிலிருந்து பொறுக்கி, "எம்.எஸ்சி.க்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கலெக்டர் வந்திருந்தால்கூட நம் ஜனங்கள் அவ்வளவு மும்முரமாக வேலை செய்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் முத்தம்மாளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "புரொபசருக்கு மீனு போவுது, ஐஸ் போட்டுக் கட்டி வை." பரீட்சை, செதில், தேர்வாளர் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தால் பொன்னேரி பஸ் போய்விடும் என்று சவரம் செய்துகொள்ளப் போய்விட்டேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. முழு மீன் ஏலக்காரனுக்குத்தான். பெரிய மனிதர் வீட்டுக்குப் போகிற மீனைச் செதில் சுரண்டி, செவுளையும் குடலையும் எடுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தேய்த்துத்தான் அனுப்ப வேண்டும். அப்படியே அனுப்பினால் "உன் பெண்டாட்டி உட்கார்ந்து கழுவட்டும்" என்று சொன்னதாக ஆகிவிடும். முத்தம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, நாலு அருவாமனை போட்டு உட்கார்ந்து, நான் தாடையைச் சிரைத்து முடிப்பதற்குள் ஏரியையே துண்டு போட்டுவிட்டாள். நண்டின் ஓட்டைக்கூட உடைத்து, காலைத் தட்டி வைத்துவிட்டாள். தலைகளை எல்லாம் மரியாதைக்காக வாழை இலையில் தனியாகக் கட்டினாள். ஒரு சின்னப் பொட்டலத்தில் அரைத்த மிளகாய் வேறு. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடி, கயிறு போட்டு இறுக்கி, "பதமா கட்டிக்கீறேன், பத்திரமா எடுத்துக்கினு போ" என்று என் தலையில் ஏற்றினாள். நான் ஐஸைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பொன்னேரியில் ரயில் ஏறி, பட்டணத்தில் இறங்கி, யூனிவர்சிட்டிக்கு நடந்தே போனேன், டின்னோடு சிட்டி பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். ரத்னா வாசலிலேயே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். டாக்டரம்மா மாதிரி இருந்தாள் மாமா. "முழுசாக் கீதா நைனா?" என்று கேட்டாள். "ஒரு செதிலு போகல" என்றேன். அட்டெண்டர் தணிகாசலம் டின்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். அங்கே ஏற்கெனவே கிருதா வைத்த பையன்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே எல்லார் மேஜையிலும் தட்டுத் தட்டாக மீன், வாயைத் திறந்துகொண்டு, வாலை நீட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி. ரத்னா இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு மீனுக்கும் சீட்டு எழுதி, நூல் கோத்துத் தயாராக வைத்திருந்தாள். டின்னைத் திறந்தாள். மஞ்சளாக இருந்தது. சீட்டைக் கட்ட ஒரு வால்கூட இல்லை. அவள் திரும்பி ஜன்னலில் என்னைத் தேடினாள்.

தேர்வாளர் ஆந்திராவிலிருந்து வந்த பெரியவர், நம் பாஷை கொஞ்சம் வரும். குனிந்து பார்த்தார். "செதில் எங்கேம்மா?" என்றார். "கழுவிட்டாங்க சார்" என்றாள். "துடுப்பு?" "அதையும் கழுவிட்டாங்க சார்." "செவுள்?" அவள் வாழை இலைக் கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் இலைப் பொட்டலத்தைப் பிரித்தார், தலைகள் எல்லாம் அவரைப் பார்த்தன. அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார், மிளகாய் நெடி ஏறித் தும்மினார். ஜன்னலில் ஒரு பையன், "நம்ம மெஸ்ஸுல கூட இப்டி சுத்தமா கழுவ மாட்டானுங்க மச்சான்" என்றான். பக்கத்தில் நின்ற புரொபசர் சாலமோன், இரண்டு வருஷமாக ரத்னாவுக்குப் பாடம் சொன்ன மனிதர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தணிகாசலம் மட்டும், "வாசனை தூக்குது சார், காலைல நாஷ்டா கூட துன்னாம வந்துக்கீறேன்" என்றார்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். என்னால் நிற்க முடியவில்லை. பெற்ற மனசு. நான் உள்ளே போய்விட்டேன். தேர்வாளர் முன்னால் கைகட்டி நின்று, மீன் இன்று காலையில் உயிரோடு இருந்தது, என் பெண்ணுக்கு எல்லா மீனும் தெரியும், கொஞ்சம் பார்த்து மார்க் போடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்லிவைக்கலாம் என்று, "இத்த அப்டியே ஊட்டுக்கு எடுத்துக்கினு போங்க சார், அம்மாவுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, கழுவியே கீது, சட்டியில போட்டா போதும்" என்று டின்னை அவர் பக்கம் தள்ளினேன்.

பரீட்சை ஹாலில் தேர்வாளருக்கு அன்பளிப்புக் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஹாலில் எல்லாரும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள், பிறகு ரத்னாவையும் அனுப்பினார்கள். அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீ ஊருக்குப் போ நைனா" என்றாள். திட்டியிருக்கலாம். சாலமோன் சார் வந்து, "மால்பிராக்டிஸ்னு எழுதாம இருக்கவே நான் ரொம்பக் கெஞ்ச வேண்டியதாப் போச்சிங்க. இந்தப் பிராக்டிகல் கான்சல், அவ்வளவுதான்" என்றார். அக்டோபர் என்று ஏதோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. டின்னைக் கேட்டேன். தணிகாசலம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

ஆகவே மாமா, கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். நீங்களும் அக்காவும் நல்ல நாள் பார்த்துத் தட்டோடு வாருங்கள், ஆவணியில் முடித்துவிடுவோம். முத்தம்மாள் இரண்டு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், "பொண்ணுக்கு வயசு ஏறிக்கினு போவுது, நீ படிப்பு படிப்புன்னு பேஜாரு பண்ற" என்று தினமும் பாட்டு. அவளிடம் நடந்த எதையும் நான் சொல்லவில்லை. "புரொபசர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள், "நல்லாக் கழுவிக்கீறாங்கன்னு சொன்னாரு" என்றேன். அதிலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எங்கள் குப்பத்தில் இவ்வளவு தூரம் படித்த முதல் பெண், அவள் படிப்பை நானே கெடுத்துவிட்டேன்.

உங்கள் ஓட்டல் அடுப்பு அணையாமல் எரியட்டும். லாரிகள் எல்லாம் உங்கள் வாசலிலேயே நிற்கட்டும். சேகருக்கு வேலையும் ஆயுசும் பெருக, திருவாலங்காட்டு ஈசனை வேண்டிக்கொள்கிறேன். அக்காவின் முட்டி வலிக்கு அந்தத் தைலத்தை விடாமல் தேய்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு, தலை குனிந்து நிற்கும்
அருணகிரி

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை. திங்கட்கிழமை கவரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ரத்னா பெட்டியோடு வந்து இறங்கினாள். இன்றைக்குப் புதன். கவரைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டே, "அக்டோபர்ல மறுபடியும் பிராக்டிகல் வெக்கிறாங்க நைனா, பேரு குடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். நான் ஆவணியைச் சொன்னேன், உங்களுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். "அது உன் வாக்கு. என்னைக் கேட்டியா? சேகர் மாமாவையாவது யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். முத்தம்மாள் பாய்வாள் என்று அவள் பக்கம் பார்த்தேன். அவள் மெதுவாக, "நான் கழுவினதாலயா போச்சு?" என்று கேட்டாள். மறைக்க வழி இல்லை. ரத்னா ஒரு மடவையை எடுத்துவைத்து, செதில் எதற்கு, துடுப்பு எதற்கு என்று விரல் வைத்துக் காட்டினாள். முத்தம்மாள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?" என்று என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

எனவே மேலே எழுதியிருப்பதில் க்ஷேம லாபம் தவிர எதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆவணியில் கல்யாணம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது மாமா, நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சந்தோஷம்தான். நேரில் வந்து நாலு வார்த்தை திட்டுவதானால் தாராளமாக வரலாம். ஆனால் வரும்போது உங்கள் ஓட்டலிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு எந்த மீன் வந்தாலும் முத்தம்மாள் அருவாமனையைத் தொடாமல், "இது பரீட்சைக்கா, கொழம்புக்கா?" என்று ரத்னாவைக் கேட்கிறாள். பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று அவள் சொன்னாலும் காதில் வாங்காமல், நல்ல மீனையெல்லாம் முழுசாக ஐஸில் எடுத்து வைத்துவிடுகிறாள். மூன்று நாளாக எங்களுக்குக் கத்திரிக்காய்க் குழம்புதான்.